செல்வராசுவின் கல்லைக் கொண்டுவரப் போனேன்

காலை ஏழு மணிக்கு நெய்வேலி நகரியத்தில் குறிஞ்சிப்பாடி போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். மடியில் ஒரு காலிச் சாக்கும் கயிறும். பொம்பளைகளுக்குக் காசில்லை என்பதால் கண்டக்டர் சும்மா ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"சாக்கெல்லாம் எடுத்துக்கினு எங்க ஆயா கெளம்பிட்ட?"

"மவனப் பாக்க."

"மைன்ஸ்ல இருக்காரா?"

"மண்ணுக்குள்ளதான் இருக்கான்."

"பர்மனெண்டா, காண்ட்ராக்டா?"

"பர்மனெண்டு."

"குடுத்து வச்ச ஆயா," என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். அவர் சந்தோஷத்தை நான் கெடுக்கவில்லை.

செல்வராசு செத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. எங்கள் ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடந்த வெட்டுக்குத்தில் போனான். அதே நாளில் காலனியில் அஞ்சலையின் மகனும் போனான். எங்கள் ஆட்கள் என் மகனுக்கு ரோட்டோரம் முழங்கால் உயரத்தில் ஒரு கருங்கல் நட்டார்கள். பெயருக்குக் கீழே 'மாவீரன்' என்று வெட்டினார்கள். பல்லியைக் கண்டால் கட்டிலில் ஏறி நிற்பவன் அவன்.

இப்போது சுரங்கம் தோண்ட ஊரையே எடுத்துக்கொள்கிறார்கள். கல்லை ஆட்டோவில் ஏற்றிவந்து மகளுடைய குவார்ட்டர்ஸ் கொல்லையில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் புறப்பட்டேன்.

மெயின் ரோட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். ஒன்பது மணிக்கு ஊர். வீடுகளுக்குக் கூரையில்லை, கதவில்லை. நிலைப்படியைக்கூடப் பெயர்த்துப் போயிருந்தார்கள். சுரங்கத்து மண்மேடு பாதி வானத்தை மறைத்து நின்றது. ஆளில்லாத வாசல்களில் நாய்கள் மட்டும் காவலுக்குப் படுத்திருந்தன.

முட்டிவலி வந்தபிறகு நான் இந்தப் பக்கம் வரவில்லை. எருக்கஞ்செடி மூடியிருக்கும் என்று நினைத்தேன். கல்லோ எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது. மேலே கனகாம்பரம், வாடாமல்.

எதிரே, சாமான் ஏற்றிய டாட்டா ஏஸ் வண்டிக்குப் பக்கத்திலிருந்து அஞ்சலை வந்தாள். முன்பெல்லாம் என்னை 'வாங்க' என்பவள்.

"வா," என்றாள்.

"பூ நீயா வச்ச?"

"ஆமா."

"எம்புள்ளைக்கு எதுக்குடி?"

"எம்புள்ளைக்கும் ஒரு கல்லு நட்டோம். ஒங்காளுங்க ராவோட ராவா ஒடைச்சிட்டானுங்க. இன்னொண்ணு நட்டோம், அதுவும் போச்சி. ரெண்டு புள்ளையும் ஒரே நாள்ல செத்ததுங்க. அந்த நாள்ல கழுவிவுட எனக்கு ஒரு கல்லு வேணாமா?"

குனிந்து கல்மேல் இருந்த கனகாம்பரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத," என்றாள்.

"நெனைக்கல."

என் கையிலிருந்த சாக்கைப் பார்த்தாள். "எடுத்துக்கினு போவ வந்தியா?" கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருமகன் ரிட்டையரானால் குவார்ட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும். அப்புறம் இவனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

"ஒன் புது வூட்டுல வச்சிக்கிறியா?" என்றேன்.

"எங்காளுங்க வுடுவானுங்களா? ஊர்த்தெருக் கல்லுன்னு ஒடைப்பானுங்க." கொஞ்சம் யோசித்தாள். "பேரு வெட்டுன மூஞ்ச மண்ணுல பதிச்சிப் போட்டுட்டு, தொவைக்கிற கல்லுன்னு சொல்லிக்கிறேன்."

டிரைவரும் அவள் மருமகனும் கடப்பாரையால் நெம்பி எடுத்தார்கள். என் சாக்கில் சுற்றி, என் கயிற்றாலேயே கட்டி, அம்மிக்கும் அண்டாவுக்கும் நடுவில் படுக்கவைத்தார்கள்.

வண்டி கிளம்பும்போது கிட்டப் போய்ச் சொன்னேன்: "சோப்ப மெதுவா போடுடி. சின்னதுலேருந்தே அவனுக்குக் கண்ணு எரியும்."

"தெரியும் போ. எல்லாப் புள்ளைக்கும் எரியும்," என்றாள்.

மத்தியானம் வெறுங்கையோடு நகரியம் திரும்பினேன். மகள் வீட்டுக் கொல்லையிலும் ஒரு துவைக்கிற கல் கிடக்கிறது. முன்னால் குடியிருந்தவர்கள் போட்டுவிட்டுப் போனது. அதைப் புரட்டிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.