பிறக்காத போனுக்கு ஒரு சட்டை

என் சித்திக்கு இன்னும் கடைக்கு வராத போன்கள் மேல்தான் பிரியம். வந்துவிட்ட போனைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "அதான் வந்தாச்சே, இனிமே அதுல என்ன இருக்கு?" என்பாள். ஆனால் அடுத்த மாடலில் பொத்தானே இருக்காதாம், முதுகு வளைந்திருக்குமாம் என்று எங்காவது ஒரு வதந்தி கிளம்பினால் போதும். தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அவள் தொழில் அப்படி. சித்தி போனுக்குச் சட்டை தைக்கிறாள். கடைக்காரர்கள் அதை கவர் என்பார்கள். அவளுக்கு அது சட்டைதான். மெல்லிய ரெக்ஸினை வெட்டி, நாலு மூலையிலும் தையல் போட்டு, போனின் முதுகையும் ஓரங்களையும் கச்சிதமாகப் பிடித்துக்கொள்ளும்படி செய்வாள். புது மாடல் கடைக்கு வருகிற அன்றே சட்டையும் தயாராக இருக்க வேண்டும். ஒரு வாரம் பிந்தினால் பிளாஸ்டிக் கவர்கள் வந்து குவிந்துவிடும்; அப்புறம் யாரும் சீந்த மாட்டார்கள். அதனால் கண்ணால் காணாத போனுக்கு அளவெடுத்தாக வேண்டும். நீளமும் அகலமும் எப்படியோ முன்கூட்டியே கசிந்துவிடும். கேமராவுக்கு ஓட்டை எங்கே போடுவது என்பதில்தான் வருஷா வருஷம் சண்டை.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலை தேடி வந்து சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். நேர்காணல் இல்லாத நாட்களில், இனி வரப்போகும் போன்களைப் பற்றி இணையத்தில் ஆங்கிலத்தில் எழுதப்படுவதையெல்லாம் படித்து அவளுக்குச் சொல்வது என் வேலையாகிவிட்டது. படித்த படிப்புக்கு இதுதான் பயனா என்று அவ்வப்போது தோன்றும். சித்தி கேட்கிற கேள்விகளில் அந்த நினைப்பு ஓடிவிடும்.

"அவன் 'வரலாம்'னு எழுதியிருக்கானா, 'வரும்'னு எழுதியிருக்கானா?"

"வரலாம்னுதான் சித்தி."

"அப்போ அவனும் நம்மள மாதிரிதான். இருட்டுல தடவுறான்."

அந்த வருஷம் வந்த வதந்தி கடைத்தெருவையே இரண்டாக்கிவிட்டது. முதுகின் இடது மேல் மூலையில் இருந்துவந்த கேமரா வலது மூலைக்கு மாறப்போகிறதாம். ஒரு படமும் வெளியாகியிருந்தது: தொப்பி போட்ட ஒருவர் ஏதோ லிஃப்டுக்குள் நின்றுகொண்டு, முகத்துக்கு நேராகப் புதுப் போனைப் பிடித்திருக்கிறார். போனின் முதுகு பளிச்சென்று தெரிகிறது. கேமரா வலது மூலையில் இருக்கிறது.

சித்தி அன்றே வலது கட்சியில் சேர்ந்துவிட்டாள். அச்சு வைத்து ரெக்ஸின் வெட்டுகிற சித்தப்பா இடது கட்சி. இரண்டு கட்சிக்கும் ஒரே வீடு, ஒரே சமையலறை.

"இத்தனை வருஷமா இருந்த இடத்தை எவன்டி மாத்துவான்?" என்றார் சித்தப்பா.

"நீங்க கட்டிலை எட்டு வருஷமா ஒரே மூலையில போட்டிருக்கீங்கன்னா ஊர்ல எல்லாரும் அப்படியே இருப்பாங்களா?"

"படத்தை நம்புறியா, என்னை நம்புறியா?"

"படம் குறட்டை விடாதுங்க."

இந்தக் கேலிக்கு அடியில் ஒரு பெரிய விஷயம் இருந்தது. அதுவரை சித்தி தைத்ததெல்லாம் மொத்த வியாபாரி ஒருவரின் பெயரில்தான் விற்றுக்கொண்டிருந்தது. முதல் முறையாக, மெயின் ரோட்டில் இருக்கும் பெரிய போன் ஷோரூமின் மேனேஜர், "புது மாடல் வர்ற அன்னிக்கு உங்க பேர்லயே கொண்டாங்கம்மா. போனுக்குப் பொருந்துச்சுன்னா முன் மேசையில வைக்கிறேன். பொருந்தலைன்னா அதோட விட்டுடுவோம்" என்று சொல்லியிருந்தார். கடைத்தெரு முழுக்க, அவளைவிட மூத்தவர்கள்கூட, அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அதையே பெயராக வைத்தோம். சூடேற்றி அழுத்துகிற முத்திரை ஒன்று செய்து வாங்கினோம். முதல் சட்டையின் அடிப்பகுதியில் 'அக்கா' என்று பதிந்தபோது, ரெக்ஸின் ஆறுகிற வரை சித்தி அதை ஊதிக்கொண்டே இருந்தாள்.

அச்சு வலது பக்கம் ஓட்டை வைத்தே செய்யப்பட்டது. அந்தப் படத்தையே பார்த்துப் பக்கவாட்டுப் பொத்தான்களுக்கும் இடைவெளி வெட்டினார்கள். சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார், சித்தி பாடிக்கொண்டே தைத்தாள், நான் முத்திரை போட்டேன். இரண்டு பெரிய அட்டைப் பெட்டிகள் நிறைந்தன.

புது மாடல் வருவதற்கு முந்தைய நாள் மத்தியானம் சித்தி ஒரு புதுத் துணியை மேலே போட்டுக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்றாள். நாளைக்கு இதை உடுத்தலாமா என்று என் அம்மாவிடம் கேட்பதற்காகத் தன் பழைய போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போனாள். போன் தூக்கிய கை அப்படியே நின்றது.

"ஏய், இங்க வாடி. இந்தப் போனுக்குக் கண்ணு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"கண்ணாடியில பாரு."

பார்த்தேன். வலது பக்கம் இருந்தது.

எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் அந்த லிஃப்ட் நினைவுக்கு வந்தது. தொப்பிக்காரரை வேறு யாரும் படம் எடுக்கவில்லை. லிஃப்டின் கண்ணாடியில் தன்னைத்தானே, அந்தப் புதுப் போனாலேயே எடுத்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடிக்குள் இடது வலதாகிவிட்டது. அந்தப் படத்தை நான் எத்தனையோ தடவை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வரி விடாமல் படித்திருக்கிறேன். தினமும் காலையில் அதே அலமாரிக் கண்ணாடி முன்னால்தான் தலை வாரிக்கொள்கிறேன்.

சித்தப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னோம். முகத்தில் மகிழ்ச்சியை அடக்க அவர் பட்ட பாடு பார்க்க முடியவில்லை.

"நான் அப்பவே..."

"அந்த வார்த்தையைச் சொன்னீங்க, ராத்திரிக்குச் சோறு கிடையாது" என்றாள் சித்தி. சொல்லிவிட்டு அட்டைப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. சித்தப்பாவின் சிரிப்பு நின்றுபோனது. பக்கத்தில் போய் உட்கார்ந்தார். புதிதாக வெட்டித் தைக்க ரெக்ஸினும் இல்லை, நேரமும் இல்லை.

சித்தப்பா சும்மா இருக்க முடியாமல் ஒரு சட்டையை எடுத்து, காலுறையைப் புரட்டுவது போலக் கட்டைவிரல்களால் உள்ளே வெளியே புரட்டிக்கொண்டிருந்தார். சித்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஓட்டை இடது பக்கம் வந்துடுச்சு!"

வந்திருந்தது. பொத்தான் இடைவெளியும் சேர்ந்தே மாறியிருந்தது. ரெக்ஸினின் உள்பக்கத் துணி, மென்மையான சாம்பல் நிறத்தில் வெளியே வந்துவிட்டது. உள்ளே ஒளித்து வைத்திருந்த மூலைத் தையல்கள் இப்போது சின்னக் காதுகள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

"சட்டையை மாத்திப் போட்ட மாதிரி இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்டி. உங்க சித்தப்பா பாதி நாள் அப்படித்தானே போடுறாரு."

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பெயர் உள்ளே போய்விட்டது. சித்தப்பா முத்திரையைச் சூடேற்றித் துணிப்பக்கம் அழுத்திப் பார்த்தார். துணி கருகியதே தவிர எழுத்து விழவில்லை. சித்தி கருகிய இடத்தை விரலால் தடவினாள்.

"பேரு வெளிய தெரியணும்னுதானே இவ்வளவும்" என்றாள் மெதுவாக. பிறகு எழுந்தாள். "சரி, முதல்ல பொருந்தட்டும். புரட்டுங்க எல்லாரும்."

விளக்கு வைப்பதற்குள் இரண்டு பெட்டியையும் புரட்டி முடித்துவிட்டோம். கட்டைவிரல் மூன்று பேருக்கும் வீங்கியிருந்தது. சித்தப்பா மட்டும் ஒவ்வொரு சட்டையைப் புரட்டும்போதும் "இடது... இடது..." என்று படைவீரர் போல மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி காதில் விழாத மாதிரி இருந்தாள். ஆனால் ராத்திரிக்குச் சோறு போட்டுவிட்டாள்.

மறுநாள் ஷோரூமில் மேனேஜர் சட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"உள்பக்கம் வெளிய இருக்கேம்மா?"

ஏதாவது ஒரு காரணம் சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் வாயெடுத்தேன். அதற்குள் சித்தி லிஃப்டில் தொடங்கி அலமாரிக் கண்ணாடி வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வலதுன்னு நம்பி நானும் என் தம்பிகிட்ட பந்தயம் கட்டியிருக்கேன்ம்மா" என்றார். பிறகு புதுப் போன் இருந்த முதல் பெட்டியைத் திறந்தார்.

சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். போனின் முதுகு திரும்பியது. கேமரா இடது மூலையில் இருந்தது. அவர் சட்டையை மாட்டினார். நாலு மூலையும் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. கேமரா ஓட்டைக்குள் சொல்லி வைத்தாற்போல் வந்து நின்றது. சித்தப்பா வாயைத் திறந்தார், சித்தியைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

மேனேஜர் போனைக் கையில் வைத்துக் குலுக்கிப் பார்த்தார். "வழுக்கவே இல்லையே. துணி நல்லாப் பிடிக்குது. இந்த மூலைக் காதும் பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க பேரு?"

"உள்ள இருக்கு."

"உள்ள இருந்தா யாருக்குத் தெரியும்?"

இருந்தாலும் அவர் சொன்னபடி முன் மேசையில் சட்டைகளை அடுக்கச் சொல்லிவிட்டார். நாங்கள் ஓரமாக நின்றோம். முதலில் வாங்கியது கல்லூரிப் பை மாட்டிய ஒரு பெண். தானே மாட்டிப் பார்க்கிறேன் என்று சட்டையை விரித்தவள், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் தோழியைக் கூப்பிட்டாள்.

"ஏய், உள்ள 'அக்கா'ன்னு போட்டிருக்குடி!"

"எங்க, காட்டு. எனக்கும் ஒண்ணு வாங்கு. அதுலயும் இருக்கா பாரு."

இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. அவர்களுக்குப் பின்னால் நின்றவர் வாங்குவதற்கு முன்பே விரித்து உள்ளே பார்த்தார். அடுத்தவரும் பார்த்தார். முன் மேசையில் அன்று சட்டை வாங்கியவர்கள் எல்லோரும், ஏதோ ரகசியம் பார்ப்பது போல, உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனை மாட்டினார்கள். சித்தி அதைப் பார்த்தபடி நின்றாள். மணிக்கட்டை விட்டுவிட்டு இப்போது என் தோளைப் பிடித்திருந்தாள்.

"வெளிய போட்டிருந்தா பார்த்திருக்கவே மாட்டாங்கடி" என்றாள்.

மேனேஜர் வந்து, அடுத்த சரக்கு எப்போது வரும் என்று கேட்டார். புரட்டியேதான் வேண்டுமாம். பெயரும் உள்ளேயே இருக்கட்டுமாம்.

எனக்கு இப்போது ஒரு வேலை கிடைத்துவிட்டது. வேலை முடிந்து வந்து, ஆங்கிலத்தில் கசிகிறதையெல்லாம் இன்னமும் சித்திக்குப் படித்துக் காட்டுகிறேன். அந்தத் தொப்பிக்காரரின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். "அவரு யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்பாள். போன வாரம் ஒரு புதுப் படம் வந்தது. அடுத்த மாடலுக்கு முதுகின் நடுவில் கேமராவாம். ஓடிப் போய்க் காட்டினேன்.

சித்தி போனைத் தொடவே இல்லை. மெஷினை ஓட்டியபடி கேட்டாள்:

"கண்ணாடியில எடுத்ததா?"

"நடுவுல இருந்தா கண்ணாடியிலயும் நடுவுலதான் சித்தி இருக்கும்."

உள்ளறையிலிருந்து சித்தப்பாவின் குரல் வந்தது. "அதெல்லாம் மாத்த மாட்டான். இடதுதான்!"

சித்தி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். சண்டைக்குத்தான்.