தனியாள் பேண்டுக்கு வார் கட்டியவள்

என் புருசன் மஹ்ரூபைப் பற்றி எங்கள் ஊர் பலாபத்வலயில் யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள். அந்த மனிசன் ஒரே ஆளாக நாலு வாத்தியம் வாசிப்பான் என்பார்கள். றோட்டோரத்தில் லாபிர் ஹாஜியாரின் ஸ்பைஸ் கார்டன் இருக்கிறது. சீகிரியாவுக்குப் போகிற வெள்ளைக்காரர்களின் பஸ்கள் நின்று, ஏலமும் கறுவாவும் மிளகும் பார்த்து வாங்கிப் போகிற தோட்டம். அதன் வாசலில் 'தனியாள் பேண்ட்' என்று இங்கிலீஷில் ஒரு போர்டே தொங்கியது. கழுத்தில் கம்பி வளையம், அதில் மவுத் ஓகன். கையில் கிற்றார். முதுகில் றபான் என்கிற தோல்மேளம். அதை அடிக்கிற குச்சிக்கு ஒரு கயிறு கட்டி, கயிற்றின் மறுநுனியை வலது குதிகாலில் மாட்டியிருப்பார். இடது காலில் சலங்கை.

தனியாளாம் தனியாள்! அந்த றபானை முதுகோடு இறுக்குகிற தோல்வாரை மாட்ட அவருக்குக் கை எட்டாது. கலியாணம் முடித்த நாளிலிருந்து தினமும் காலையில் பின்னால் நின்று அதை இழுத்து மாட்டியது நான். மாட்டிவிட்டு மிளகு அரைக்கிற மெஷின் அறைக்குப் போய்விடுவேன். அந்தச் சனியன் ஓடத் தொடங்கினால் வெளியே குண்டு வெடித்தாலும் கேட்காது. அதனால் புருசன் வாசித்து நான் கேட்டது குறைவு. போர்டிலும் என் பெயர் இல்லை.

றபான் அவருடைய வாப்பாவுடையது. வாப்பா ஒரு பாவா. நோன்பு மாதத்தில் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டு நேரம் றபானைத் தட்டித் தெருத்தெருவாக ஊரை எழுப்புகிற பக்கீர். பெருநாள் காலையில் வீடு வீடாகப் போய் நிற்பார், கொடுப்பதை வாங்குவார். பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனது மஹ்ரூப். ஒரு பெருநாளில் ஹாஜியார் வீட்டு கேட்டில் வெயில் ஏறும்வரை இரண்டு பேரையும் நிற்க வைத்துவிட்டு, கடைசியில் வேலைக்காரியிடம் ஒரு சுண்டு அரிசி கொடுத்தனுப்பினார்களாம். திரும்பி வருகிற வழியிலேயே பையைக் கீழே போட்டிருக்கிறார் இவர். "செத்து மவுத்தானாலும் இனி ஒருத்தன்ட வாசல்ல கையேந்த மாட்டேன்" என்று வாப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லை வாழ்நாளெல்லாம் என் தலையில் கட்டினார். பக்கத்து வீட்டில் ஒரு கோப்பை சீனி கைமாற்றாக வாங்கக்கூட என்னை விடமாட்டார். அந்த வீறாப்பு எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் தலை நிமிர்ந்து நடக்கிற புருசன் கிடைத்ததில் எனக்குப் பெருமையும் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

மவுத் ஓகன் வந்தது ஒரு அமெரிக்கக்காரனிடமிருந்து. எழுபத்தொன்பதில் பஸ்ஸில் வந்த ஒரு கறுப்பு மனிதன் வயிற்றுப்போக்கில் சுருண்டு, தோட்டத்து அறையிலேயே படுத்துவிட்டான். இவர் கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். எழுந்து உட்கார்ந்ததும் அவன் ப்ளூஸ் வாசித்துக் காட்டினான், போகும்போது அந்த மவுத் ஓகனையே கொடுத்துவிட்டுப் போனான். ப்ளூஸில் ஊதுவதைவிட மூச்சை உள்ளே இழுப்பதுதான் கூட. இழுக்கிறபோதே அந்தச் சத்தத்தை வளைத்துக் கீழே கொண்டுபோக வேண்டும். அழுகிற பிள்ளை மூச்சை இழுக்குமே, அப்படி. இவருக்கு அது வெகு சீக்கிரம் பிடிபட்டது.

எண்பத்து மூன்று கலவரத்தில் கடைகளை எரித்த பிறகு பஸ்கள் நின்றன. பிறகு வந்தன, மறுபடியும் நின்றன. யாழ்ப்பாணப் பாதையில் சண்டை ஏறினால் எங்கள் அடுப்பு இறங்கும். அந்த வருசங்களில் இவர் மிளகு பறித்தார், லொறியில் மூட்டை ஏற்றினார், கடன் மட்டும் கேட்கவில்லை. இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நிறுத்தம் என்றார்கள். வெள்ளைக்காரன் திரும்ப வந்தான். கூடவே துபாயிலிருந்து ஹாஜியாரின் மகன் சாலிஹும் வந்து சேர்ந்தான். கறுப்புக் கண்ணாடி, பெரிய பெரிய ஸ்பீக்கர், ஒரு பை நிறைய சீடி.

"மாமா, இந்தப் பாரத்தை ஏன் சுமக்குறீங்க? டிரம், கிற்றார் எல்லாம் சீடியில ஈக்கு. நீங்க மேல ஊதினாச் சரி" என்றான்.

இவர் ஒரு நாள் முயன்று பார்த்தார். அன்று வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது எனக்காக நிக்குதில்ல மஸீனா. நான் ஒரு இடத்துல மூச்ச இழுத்துப் புடிச்சு அழுதுட்டு வாறதுக்குள்ள அது அடுத்த தெருவுக்குப் போயிடுது. என்ட கால்னா எனக்காகக் காத்துட்டு ஈக்கும்" என்றார். மறுநாள் காலையில் என்னிடம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் வாரை மாட்டினேன்.

காத்துக்கொண்டிருந்த அந்தக் கால்தான் அவரைக் கவிழ்த்தது. குதிகாலில் கயிறு உரசி உரசிப் புண்ணானது. மனிசனுக்குச் சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை நோய், இருந்தது எங்களுக்கு அப்போதுதான் தெரியவந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினேன், ஆறவில்லை. விரல் கறுத்தது, பிறகு பாதமே கறுத்தது. வெட்டத்தான் வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்திய நாள் சாலிஹ் மைக்கோடு வீட்டுக்கு வந்தான். "காலடியையும் கிற்றாரையும் பதிஞ்சு வெப்போம் மாமா. சொகமாகி வந்து அதுக்கு மேல ஊதலாம். ஒங்கட கால்தானே, வேற ஆள்ட இல்லையே" என்றான். காய்ச்சலோடு இவர் வாசித்தார். முடிந்ததும், "சத்தம் சரியா ஈக்கான்னு பாக்க ஒருக்கா மவுத் ஓகனோடயும் வாசிங்க" என்றான். அதையும் வாசித்தார். நடுவில் ஒரு இருமல் வந்தது. கையைப் பொத்திக்கொண்டு இருமிவிட்டுத் தொடர்ந்தார்.

வெட்டிய காலை வெள்ளைத் துணியில் சுற்றி மையவாடியில் அடக்கினோம். அடக்கப் போன ஆம்பிளைகள் திரும்பி வரும்போது, இவர் சொன்ன சீடி மாதிரி எதற்கும் காத்திருக்காத உலகத்தை நினைத்து எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை, ஆஸ்பத்திரியில் கிடந்தவருக்குக் கஞ்சி வைத்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

சுகமாகி, கட்டைகளை ஊன்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். ஹாஜியார் அவரைக் கதிரையில் உட்கார வைத்து இதமாகத்தான் பேசினார்.

"கோவிச்சுக்காத மஹ்ரூப். பஸ்ஸில வாறவன் சந்தோசமா வாறான். வெட்டுன கால அவனுக்குக் காட்டவா? நீ உள்ள ஈந்து ஊது. வெளிய சாலிஹ் நிக்கட்டும்."

இப்படித்தான் தனியாள் பேண்ட் துண்டு துண்டானது. காலும் கிற்றாரும் சீடியில். மூச்சு கராம்பு மூட்டை அடுக்கிய ஸ்டோர் அறைக்குள், ஒரு மைக்கின் முன்னால். உடம்பு என்று வெளியே சாலிஹ், கறுப்புக் கண்ணாடியோடு, ஊதுகிற மாதிரி கன்னத்தை உப்பிக்கொண்டு. அவன் முதுகிலும் அந்த வாரை மாட்டச் சொன்னது என்னைத்தான். மாட்டினேன். ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் ஏறி இரையும் என்று இவர் காதில் ஹெட்போன் மாட்டிவிட்டான் சாலிஹ். அதில் கேட்பது காலடியும் கிற்றாரும் மட்டும்.

"என்ட கால்தான். ஆனா இப்ப என்ட பேச்சக் கேக்குதில்ல" என்று ஒரு நாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இப்பிடி ஒளிஞ்சு ஊதணுமா? வெக்கமா இல்லையா?" என்றேன்.

"எதுக்கு வெக்கம்? ஊதுறது நான்தானே. ஒழைச்சுத்தானே திங்குறேன்" என்றார். மாத முடிவில் ஹாஜியார் கொடுக்கிற கவரை இரண்டு கையாலும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். அந்தக் கவர்தான் அவருக்கு இன்னும் இரண்டு கால் இருப்பதற்குச் சாட்சி.

அந்த நோன்பு மாதத்திலும் தோட்டத்தில் பாட்டு நிற்கவில்லை. பஸ்காரனுக்கு நோன்பா? கடைசிப் பத்து நாளில் ஹாஜியார் வீட்டு கேட்டில், பணக்காரர் ஏழைகளுக்குக் கொடுத்தே ஆக வேண்டிய ஸகாத் வாங்கப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். நான் அந்த வழியால் வேலைக்குப் போனேன். எங்கள் வீட்டுக்குப் பின்வீட்டுக்காரி ஸுலைஹா வரிசையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"ஒங்களுக்கென்ன மஸீனா, வெயில்ல நிக்கத் தேவையில்ல. மாசாமாசம் கவர்ல போட்டு வருது."

"அது என்ட மனிசன்ட சம்பளம்டி."

"சம்பளமா? ஹாஜியார்ட பொஞ்சாதியே சொன்னாங்க. மஹ்ரூபுக்குக் குடுக்குறது ஸகாத்துத்தான்னு."

அன்று மெஷினைப் போடாமல் வாசல் பக்கம் போய் நின்றேன். முதல் பஸ் வந்தது. சாலிஹ் கன்னத்தை உப்பினான். பாட்டின் நடுவில் ஒரு சின்ன இருமல். பாவம் மனிசனுக்கு இன்னும் சளி விடவில்லை என்று நினைத்தேன். இரண்டாவது பஸ் வந்தது. அதே பாட்டு, அதே இடம், அதே இருமல்.

ஸ்டோருக்கு ஓடினேன். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். மைக்கின் வயரைப் பிடித்து இழுத்தேன். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அது தூசியோடு வந்துகொண்டே இருந்தது, கடைசியில் வெறும் முனையும் வந்தது. எதிலும் குத்தியிருக்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றினேன். திடுக்கிட்டு வாயிலிருந்து மவுத் ஓகனை எடுத்தார். வெளியே மவுத் ஓகன் வாசித்துக்கொண்டிருந்தது.

அவர் கடைசிவரை கேட்டார். வெளியே கை தட்டினார்கள். சாலிஹ் உள்ளே வந்தான்.

"எப்ப ஈந்து இப்பிடி, மகன்?" என்று கேட்டார் இவர்.

"மொதல் நாள்ல ஈந்துதான் மாமா" என்றான் அவன், கண்ணாடியைக் கழற்றாமலே.

சத்தம் கேட்டு ஹாஜியாரும் வந்தார். "சும்மா தந்தா நீ வாங்க மாட்டாய். வீறாப்புக்காரன். அதான் ஒரு மைக்க வெச்சுக் குடுத்தேன். எனக்கும் கடமை நீங்குது, ஒனக்கும் வயிறு நெறயுது. இதுல யாருக்கு என்ன நட்டம்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் ஹஜ்ஜுக்குப் போனவர் என்பதெல்லாம் மறந்துபோனது. "அப்ப வெளிய வாசிக்கிறது யாரு? அது இவர்ட மூச்சுத்தானே? அதுக்குக் கூலி எங்க? எங்கட ஒழைப்ப எடுத்துட்டு எங்களுக்கே பிச்சை போட்டீங்களா?"

"அது சீடி. சீடிக்கு யாராச்சும் கூலி குடுப்பானா?" என்றார். உண்மையிலேயே புரியாதவர் போலத்தான் கேட்டார். நாசமாய்ப் போக.

அந்த நேரம் பார்த்து அடுத்த பஸ் ஹோன் அடித்தது.

"மஸீனா, வாரக் கொண்டா" என்றார் இவர்.

சாலிஹின் முதுகிலிருந்து றபானோடு வாரைக் கழற்றி, கிற்றாரையும் வாங்கினேன். வாசல் மாமரத்தடியில் கதிரை போட்டு இவரை உட்கார வைத்து மாட்டினேன். கம்பி வளையத்தைத் தலை வழியாகப் போடுவதற்காகத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிவிட்டதால் ஹாஜியார் பல்லைக் காட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

றபான் அடிக்கிற கயிறு குதிகால் இல்லாமல் தொங்கியது. கிற்றாரும் ஒரு கால் சலங்கையும் மூச்சும்தான். ஆனால், அல்லாஹ்வே, என்ன வாசிப்பு அது! அத்தனை வருசம் மெஷின் சத்தத்தில் நான் இழந்ததெல்லாம் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றார், இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தார். நான் அழுதுகொண்டே நின்றேன்.

வெள்ளைக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது வெட்டிய காலுக்கு மேல் மடித்துக் குத்தியிருந்த சாரத்தை, அதற்குக் கீழே ஒன்றுமில்லாத இடத்தை. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். குனிந்து, மடியில் மல்லாந்து கிடந்த தொப்பிக்குள் ஒரு நோட்டை வைத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு எல்லோரும் வரிசையாக வந்தார்கள். ஒருவர் கையைக் கூப்பிவிட்டுப் போட்டார். இவர் வாயில் மவுத் ஓகன், இரண்டு கையும் கிற்றாரில். வேண்டாம் என்று சொல்ல வாயும் இல்லை, தடுக்கக் கையும் இல்லை. கண்ணால் என்னைப் பார்த்தார். நான் போய் அந்தத் தொப்பியை எடுப்பதற்குள் அது நிறைந்துவிட்டது. பாதியில் நிறுத்தினார். முடிந்துவிட்டது என்று நினைத்து அவர்கள் பலமாகக் கை தட்டினார்கள்.

பஸ் போனதும் தொப்பியை வாங்கி ஹாஜியாரின் காலடியில் கவிழ்த்தார்.

"இந்தாங்க ஹாஜியார். இது நான் குடுக்குற ஸகாத்து."

ஹாஜியாருக்கு முகம் சிவக்கும் என்று காத்திருந்தேன். அவர் சாரத்தைத் தூக்கிக்கொண்டு குந்தி, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தூசு தட்டி, சாலிஹிடம் கொடுத்தார். தோட்டத்தில் விழுகிற டிப்ஸ் எல்லாம் பெட்டிக்குத்தானே என்றார்.

அதன் பிறகு இவர் மவுத் ஓகனைத் தொடவில்லை. பெருநாள் காலையில் ஒரு பாவா வந்து எங்கள் வாசலில் றபான் தட்டியபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு வருசத்தில் மற்றக் காலும் கறுத்தது. அதை வெட்ட விடமாட்டேன் என்றார், விடவும் இல்லை. காலோடு சேர்த்து அவரையும் அதே மையவாடியில் அடக்கினோம்.

நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு அடைந்திருந்த இத்தா முடிந்து நான் வேலைக்குப் போனேன். வேறு எங்கே போவது? சாலிஹ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வாரை மாட்டினேன்.

"மாமி, கொஞ்சம் லூசாக் கட்டுங்க" என்றான். இன்னும் ஒரு துளை இறுக்கினேன்.

பஸ் வந்தது, பாட்டைப் போட்டான். அவருடைய கால் தட்டியது, அவருடைய மூச்சு இழுத்தது. இருமல் வருகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் உள்ளே போய் மெஷினைப் போட்டேன்.