டோக்கன் கேட்கும் ஜெயசீலி

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் எங்கள் தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் நல்ல வெல்டிங் கடை எது என்று கேட்டுப் பாருங்கள், பர்னபாஸ் கடை என்றுதான் கை காட்டுவார்கள். எவன் தயவிலும் வந்ததில்லை. எவனையும் லேசில் நம்பியதும் இல்லை. அதனால்தான் இன்றைக்கு மாடி வீடு. அப்படிப்பட்ட என்னையே சந்தேகப்பட்ட ஒருத்தி இந்த ஊரில் இருக்கிறாள். கோரமண்டல் பகுதி அங்கன்வாடி டீச்சர் ஜெயசீலி.

என் மகன் ஃப்ரெடியும் மருமகள் லவினாவும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார்கள். பேத்தி ஐடாவுக்கு நாலு வயதானதும் அவளை எங்கே சேர்ப்பது என்று பேச்சு வந்தது. பேட்டையில் ஒரு அரசுப் பள்ளியில் எல்.கே.ஜி. திறந்திருக்கிறார்கள், இங்கிலீஷ் பாட்டெல்லாம் சொல்லித் தருகிறார்கள் என்றாள் லவினா. கோரமண்டல் அங்கன்வாடிதான் வீட்டுக்குப் பக்கம் என்றான் ஃப்ரெடி.

"ரெண்டும் சர்க்கார் எடம். நான் பாக்காம எதையும் நம்பமாட்டேன்," என்றேன்.

சேர்க்கிறதுக்கு முன்னால் சில நாள் உட்கார வைத்துப் பார்க்கிறோம் என்று இரண்டு இடத்திலும் கேட்டேன். என் பேச்சை யார் தட்டப்போகிறார்கள்?

பேட்டைப் பள்ளியில் சுவரெல்லாம் யானையும் மயிலும். சறுக்கு மரம் புதுசு. டீச்சர் மமதா என்னைப் பார்த்ததும் சிரித்தாள், போகும்போதும் சிரித்தாள். துருப்பிடித்த இரும்பை என் தலையில் கட்ட வருகிறவன்தான் அப்படிச் சிரிப்பான். மனசில் குறித்துக்கொண்டேன்.

கோரமண்டலில் ஒரே அறை, மேலே தகரக் கூரை. வாசலில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணி, ஆணிக்கு ஒரு தகர டோக்கன். மாங்காய், பூனை, குடை என்று ஒவ்வொன்றிலும் ஒரு படம். பிள்ளையை விட்டதும் அதன் டோக்கனைக் கழற்றி, விட வந்தவர் கையில் கொடுப்பாள் ஜெயசீலி. சாயங்காலம் அதைக் கொண்டுவந்தால்தான் பிள்ளை வெளியே வரும். ஐடாவுக்குக் குடை. டோக்கனை மறந்து வந்த ஒரு தாயை மழையில் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியதை என் கண்ணாலேயே பார்த்தேன். இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று பட்டது.

"இன்னாம்மா, இந்தத் தகரத்துக்கு எவ்ளோ வசூல் பண்ற?"

"தொலைக்காம எடுத்தாந்தா போதும் தாத்தா."

"முட்டையெல்லாம் பிள்ளைங்களுக்குத்தான போவுது?"

"சந்தேகமா கீதுன்னா நீங்களே ஒக்காந்து உரிச்சிக் குடுங்க." முகத்தில் சிரிப்பே இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

பாட்டு வராவிட்டால் போகிறது. கண்டவன் வந்து கேட்டால் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம். அப்பன் ஆத்தா இரண்டு பேரும் பெங்களூரில். ஏதாவது ஆனால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? எனவே ஒரு சோதனை வைத்தேன். பக்கத்துப் பாலகாட் பகுதியிலிருந்து என் சிநேகிதன் வேலுவை வரவழைத்து, முதலில் பேட்டைப் பள்ளிக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் ஐடாவைத் தோளில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தான். "தாத்தாவோட ஃப்ரெண்டுன்னேன், குடுத்துட்டாங்கப்பா! டாட்டா வேற காட்டினாங்க!"

பேட்டைப் பள்ளியை அந்த நிமிஷமே மனசிலிருந்து அடித்துவிட்டேன்.

அடுத்து கோரமண்டல். அங்கே ஐடாவை விட்டுவிட்டு வந்து, குடை டோக்கனை வேலு கையில் கொடுத்தேன். "தகரத்தப் பாத்ததும் குடுத்துடுவா பாரு. அவ வேஷம் கலையட்டும்."

வேலு வெறுங்கையோடு வந்தான். "உன் பேத்தியும் வரல, டோக்கனும் போச்சி. புடுங்கிக்கினா. திருடன்னு சொல்லாததுதான் பாக்கி."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நானே போனேன். "நான்தான்மா. பிள்ளைய அனுப்பு."

"டோக்கன்?"

"உங்கிட்டதான கீது!"

"எங்கிட்ட கீது. உங்ககிட்ட கீதா?"

உள்ளேயிருந்து ஐடா "தாத்தா!" என்று கத்தினாள்.

"பாரு, பிள்ளையே கூப்பிடுது."

"பிஸ்கட்டு காட்டினா பூச்சாண்டியக் கூடத் தாத்தான்னுதான் கூப்பிடும். டோக்கன அடுத்தவன் கையில குடுத்தவரு நீங்க. உங்கள எப்படி நம்பறது?"

லவினாவுக்கு போன் போட்டாள். ரயிலில் சிக்னல் இல்லை. என்னைப் பிள்ளைகள் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். முழங்கால் தாடையை இடிக்க, ஊரே பேர் சொல்லும் பர்னபாஸ் அதில் உட்கார்ந்தேன். அப்போதுதான் தன் அப்பா கதையைச் சொன்னாள்.

அப்பா மரியகுழந்தை சுரங்கத் தொழிலாளி. ஒருநாள் ஷிப்ட் முடியும்போது அவர் சட்டை மட்டும் கீழே தொங்கியிருக்கிறது, பையில் டோக்கன். இறங்கும்போது வாங்கி, மேலே வந்ததும் ஆபீசில் திருப்பிப் போடவேண்டிய டோக்கன். மனுஷன் மறந்துவிட்டு மேலே போய்விட்டார் என்று நினைத்த கூட்டாளி, தன் டோக்கனோடு அதையும் ஆபீசில் போட்டுவிட்டான். உதவிதான் செய்தான். கணக்குப்படி எல்லாரும் மேலே வந்தாயிற்று. அவரோ கால் முறிந்து கீழ் லெவலில் கிடந்தார். அடுத்த ஷிப்ட் இறங்கும்வரை யாரும் தேடவில்லை.

"டோக்கன் மேல வந்துச்சி தாத்தா, எங்கப்பா வரல. அதுக்கப்புறம் சாவற வரைக்கும் விளக்க அணைக்க உடமாட்டாரு. எனக்கு டோக்கனும் வரணும், அதுக்குண்டான ஆளும் வரணும். ரெண்டுல ஒண்ணு வந்தா நான் நம்பமாட்டேன்."

சுரங்கத்து டோக்கனைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

லவினா திரும்ப அழைத்தாள். ஜெயசீலி கேட்ட முதல் கேள்வி: "உங்க மாமனாருக்குக் கையில இன்னா அடையாளம்?"

"எடது கையில வெல்டிங் சுட்ட தழும்பு. ஏன் டீச்சர்?"

என் சட்டைக் கையை ஏற்றச் சொல்லிப் பார்த்த பிறகுதான் ஐடாவை விட்டாள்.

இங்கிலீஷ் பாட்டைப் பற்றி லவினா அப்புறம் பேசவில்லை. ஐடா கோரமண்டலில்தான் சேர்ந்தாள். தகரம் துருப்பிடிக்குமே என்று என் கடையிலேயே பித்தளையில் டோக்கன் வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேலை அவ்வளவு சுத்தம். பெங்களூரில்கூட அப்படி வெட்ட ஆள் கிடையாது. ஜெயசீலி ஒவ்வொன்றாக எடுத்து ஆணியில் மாட்டினாள். கடைசியில் அவள் கையில் ஒன்று மிச்சம் இருந்தது. அதிலும் குடை.

"இது யாருக்கு?"

"எனக்கு ஒடம்பு முடியலன்னா வேலு வரட்டும்னு..."

அவள் உள்ளே போய் அம்மிக் குழவியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். நான் செய்ததை நானே நசுக்கினேன். உருத்தெரியாமல் போயிற்றா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஐடாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.