லேண்ட்மாஸ்டரின் இடது பக்கம்

எங்கள் பழைய கார் கிளப்பில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு வண்டிகள்தான். தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் ஆட்கள் சிதறிக் கிடந்தோம். நான் ஏலக்காய் வியாபாரி, ஒருவர் வக்கீல், இன்னொருவர் திராட்சைத் தோட்டக்காரர். ஆளுக்கொரு பிழைப்பு, பைத்தியம் மட்டும் ஒன்றுதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரே தவணையில் புதுக்கார் வாங்கிக்கொண்டிருந்தபோது நாங்கள் பழசைத் துடைத்துக்கொண்டிருந்தோம். வேலையத்த வேலை என்பாள் என் மனைவி.

எங்களில் மூத்தவர் சின்னமனூர்க்காரர். நெல் விவசாயம், எழுபதைத் தாண்டிய வயது. மேகமலை எஸ்டேட்டைவிட்டுப் போன ஒரு மேனேஜரிடம் வாங்கிய லேண்ட்மாஸ்டர் கார் வைத்திருந்தார், அம்பாசடருக்கும் முந்தியது. "எனக்கும் இதுக்கும் ஒரே வைத்தியந்தான். காலையில நாலு தட்டுத் தட்டுனாத்தான் கெளம்புவோம்" என்பார். கூட்டத்துக்கு அவர் வராவிட்டால் டீ கூட ருசிக்காது.

அவர் தனியாக வந்து நான் பார்த்ததில்லை. முன்சீட்டில் இடது பக்கம் அவருடைய மனைவி இருப்பார். கார் நகர்ந்ததும் அந்த அம்மா வாயைத் திறப்பார், நிற்கும்போதுதான் மூடுவார். "எடப்பக்கம் மாடு வருதுல்ல, கண்ணென்ன பொடதியிலயா இருக்கு?" "சைக்கிள்காரன் ஒதுங்கமாட்டேங்குறான், மெதுவாப் போனா என்ன கொறஞ்சா போயிருவீக?" கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுவதால் பின்னால் வரும் எங்களுக்கும் கேட்கும். "இவ இருக்குறப்ப எனக்கு எதுக்குய்யா ஹாரன்?" என்று சிரிப்பார் அவர். நாங்களும் சிரிப்போம். இந்த மனுஷன் எப்படித்தான் பொறுக்கிறாரோ என்று முதுகுக்குப் பின்னால் பரிதாபப்பட்டும் இருக்கிறோம்.

ஒவ்வொரு தை மாதமும் எல்லா வண்டிகளும் வரிசையாகச் சுருளி அருவிக்குப் போகும். அந்த வருஷம் வக்கீலுக்கு ஒரு புது யோசனை உதித்தது. கம்பத்தில் காபிக்கு நிறுத்தியதும் சீட்டுக் குலுக்கி ஆளை மாற்றுவது. ஓட்டுகிறவர் அவரவர் வண்டியிலேயே இருக்கலாம். பக்கத்தில் மட்டும் வீட்டு ஆள் உட்காரக் கூடாது. என் ஹெரால்டு கார் பழுதாகி வீட்டில் நின்றதால் நானும் அன்று வெறும் சவாரிதான். எனக்கு லேண்ட்மாஸ்டர் விழுந்தது.

அந்த அம்மா இறங்க மறுத்தார். கால் வலி என்றார், புதுக்காரில் ஏறினால் தலை சுற்றும் என்றார். அவர் ஏறப்போவது வக்கீலுடைய ஐம்பது வருஷத்து வண்டி என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். "அய்யா காதுக்கு ஒரு நாளாச்சும் லீவு குடுங்கத்தா" என்றார் திராட்சைத் தோட்டக்காரர். பெரியவரும் சிரித்துக்கொண்டே, "போயிட்டு வா, அஞ்சாறு மைலுதான்" என்றார். அந்த அம்மா இறங்கி என்னிடம் வந்து, "தம்பி, பேசிக்கிட்டே போங்க. ரோட்டுல என்ன வந்தாலும் சொல்லிக்கிட்டே போங்க" என்றார். பேச்சுத்துணைக்குச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

சுருளிப்பட்டி ரோட்டில் இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல். பெரியவர் ஜோக் சொல்ல ஆரம்பித்தார், நான் சிரித்துக்கொண்டு வந்தேன். முன்னால், ரோட்டின் இடது ஓரமாக, ஒரு பெண் தலையில் புல்லுக்கட்டோடு போய்க்கொண்டிருந்தாள். ஒதுங்கிப் போவார் என்று நினைத்தேன். ஒதுங்கவில்லை. ஹாரன் அடிப்பார் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. ஜோக்கு மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. "அய்யா!" என்று அலறி ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தேன். புல்லுக்கட்டு கண்ணாடியில் உரசிச் சிதறியது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "என்னய்யா, என்ன வந்துச்சு?"

 அந்தப் பெண் நாலடி தள்ளி நின்று, வாய்க்கு வந்தபடி எங்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தேடினார். கழுத்தை முழுசாகத் திருப்பிய பிறகுதான் அவர் பார்வைக்கு அவள் அகப்பட்டாள். நான் இறங்கிப்போய் அவள் மேல் ஒரு கீறலும் இல்லை என்று பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, புல்லைப் பொறுக்கிக் கட்டித் தூக்கிவிட்டேன். 

திரும்பி வந்ததும் கத்தினேன். வயசுக்கு மரியாதையெல்லாம் எங்கோ போய்விட்டது.  நான் ஓய்ந்ததும் அவர் சொன்னார்: "எடக்கண்ணு போயி நாலஞ்சு வருசமாச்சு, கிளப்புல சேர்றதுக்கு முன்னாடியே. வலது நேராத்தான் பாக்கும், ஓரம் தெரியாது. ஓட்டக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாக. அன்னைக்கு நான் சோறு திங்கல. மறுநாளும் திங்கல. அவதான், நான் பாத்துச் சொல்றேன், நீங்க ஓட்டுங்கன்னா. வெறுமனே சொல்லிக்கிட்டு வந்தா நீங்கள்லாம் கண்டுபிடிச்சிருவீகன்னு, வையிற மாதிரி சொல்ல ஆரம்பிச்சா. வீட்டுல அவ அதிர்ந்து ஒரு பேச்சுப் பேசமாட்டா தம்பி."

எத்தனை வருஷம் அந்தத் திட்டைக் கேட்டுச் சிரித்திருக்கிறோம்! எத்தனை மாடு, எத்தனை சைக்கிள், பள்ளிக்கூடம் விட்டு வந்த எத்தனை பிள்ளைகள் அவருடைய இடது பக்கம் போயிருக்கும்? அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது. சாவியைக் கேட்டேன். மறுக்காமல் கொடுத்துவிட்டு, காரைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து இடது சீட்டில் ஏறினார்.

சுருளியில் அந்த அம்மா எங்களுக்கு முன்பே வந்து ரோட்டோரம் நின்றிருந்தார். யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்ததுமே முகம் செத்துவிட்டது. காருக்குப் பக்கத்தில் ஓடி வந்து, "யாருக்கும் ஒன்னும் ஆகலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அருவிச் சத்தத்தில் அவர் அழுதது மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

திரும்பும்போதும் நானே ஓட்டினேன். அவர் என் பக்கத்தில், அந்த அம்மா பின்னால். கம்பம் தாண்டியது, உத்தமபாளையம் தாண்டியது, காருக்குள் ஒரு சத்தம் இல்லை. எதிரே லாரிகளும் ஓரத்தில் ஆடுகளும் வந்துகொண்டுதான் இருந்தன. சின்னமனூர் வரப்போகிற நேரத்தில் பெரியவர் திரும்பாமலே, "ஏதாச்சும் சொல்லிக்கிட்டு வாயேன்" என்றார்.

"இனி நான் என்னத்தச் சொல்ல? அதான் தம்பி பாத்து ஓட்டுறாகளே" என்றார் அந்த அம்மா.

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர். இதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பார் என்று காத்திருந்தேன். அவர் தன் பக்கத்துக் கண்ணாடியை மெதுவாக ஏற்றிவிட்டார்.