கைப்பையில் வந்த அடாப்டர்

தொண்ணூறுகளில், வடக்கே கோர்படியில் இருந்த எங்கள் தமிழ்ச் சபையில் கீபோர்டு வாசித்தவர், கஞ்சி போட்ட புடவையில் வரும் ஓர் ஆன்ட்டி. கீபோர்டு சபையுடையது, அடாப்டர் மட்டும் அவருடையது. ஆராதனை முடிந்ததும் வயரைச் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவர் வராத ஞாயிறுகளில் நாங்கள் கைதட்டித்தான் பாடினோம்.

ஒருநாள் சபைச் செயலாளர், "ஆன்ட்டி, இனிமே நீங்க தூக்கிட்டு அலைய வேணாம். கேம்ப் பஜார்ல புதுசு வாங்கியாச்சு" என்றார்.

"அச்சா. அப்ப இனிமே யார் வேணா வாசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த கிறிஸ்துமஸில், பாதிப் பாட்டில் புது அடாப்டர் புகைந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஆன்ட்டி கைப்பையைத் திறந்தார். பழையது உள்ளேதான் இருந்தது. வாசித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அதைக் கொடுத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். "நீங்களே வாசிங்க" என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.