மச்சாளின் இலைக்கஞ்சி

என் மகளுக்கு ஏழு வயது. போன வருடம் காய்ச்சலும் செங்கண்ணும் உடம்பெல்லாம் தடிப்புமாக அவள் கிடந்தபோது, கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார். "அம்மாள் வந்திருக்கிறா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதேங்கோ!"

கொண்டுபோனபோது விரல் நுனித் தோல் உரியத் தொடங்கியிருந்தது. கவாசாக்கி என்றொரு நோயாம். பிந்தி வந்துவிட்டோமாம். யாழ்ப்பாணத்தில் ஸ்கான் பார்த்த டொக்டர் சொன்னார்: "இதயத்துக்கு இரத்தம் குடுக்கிற குழாய், பாம்பு இரை விழுங்கின மாதிரி வீங்கிக் கிடக்கு. அதுக்குள்ள இரத்தம் உறைஞ்சா மாரடைப்பு வரும்."

ஆறு வயதுப் பிள்ளைக்கு மாரடைப்பு!

இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை தந்தார்கள். அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, எங்கள் ஊரான ஜெயபுரத்திலிருந்து பஸ் மாறி மாறி யாழ்ப்பாணம் போய் இரத்தம் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இரத்தம் தடிப்பாகவே இருந்தது. டொக்டர் குளிசையைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில் என்னைக் கள்ளியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஒழுங்காக் குடுக்கிறனீங்களோ?"

"ஓம் டொக்டர், என்ர கையாலதான் குடுக்கிறன்." எரிச்சலில் என் குரல் உயர்ந்துவிட்டது.

"மாமி தாற பச்சைக் கஞ்சியும் மருந்துதானே?" என்றாள் மகள், என் மச்சாளைச் சொல்லி. "கைக்கும். ஆனா குடிக்காட்டி மாமி அழுவா."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். பச்சை இலையிலுள்ள சத்து இரத்தத்தை உறையவைக்குமாம், இலைக்கஞ்சி குளிசையின் வேலையைக் கெடுக்குமாம். அதைத் திடீரென்று நிறுத்தினால், கூட்டின குளிசையால் இரத்தம் கசியவும் கூடுமாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிக்கட்ட வேண்டும். கடவுளே!

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "முதல் வேப்பிலை, இப்ப முருங்கை இலை! இலையாலதான் என்ர பிள்ளையைக் கொல்லப் போறியளோ?"

மச்சாள் அப்படியே குந்திவிட்டார். "நான் மறிச்சதாலதானே பிள்ளைக்கு இப்பிடி வந்தது. நெஞ்சுக்குப் பலம் எண்டு வல்லாரையும் முருங்கையும் தேடித் தேடி ஆய்ஞ்சனான்..."

அடுத்த ஸ்கானுக்குத் தானும் வருவேன் என்று அடம்பிடித்து வந்தார். குழாயில் இரத்தக்கட்டி ஒன்றும் இல்லை, ஆனால் வீக்கம் அப்படியே இருக்கிறது என்றார் டொக்டர். மச்சாள் கதிரையை விட்டு எழுந்தார்.

"ஐயா, என்ர நெஞ்சிலை இருக்கிற குழாயை எடுத்து இவளுக்கு வைக்கேலாதோ?"

"சும்மா இருங்கோ மச்சாள்," என்று அதட்டினேன். அதட்டிக்கொண்டே அவர் கையைப் பிடித்தேன்.