நீ தொட்டா வெளங்காது

ஒரு கையுறை போதாதென்று அதன்மேல் இன்னொன்றையும் மாட்டிக்கொண்டுதான் அந்த அலுமினியத் துண்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவான் சிவபாண்டி. பசுமலையில் வாடகை வீட்டு மொட்டைமாடி. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் கலந்த பேட்டரி ஆசிட், பக்கத்தில் பழைய சார்ஜர். மின்சாரம் ஏறியதும் பொடிக் குமிழிகள் கிளம்பும். "பொங்குதுல்ல? இனிச் சாயத்தக் குடிச்சிரும் பாருங்கண்ணே" என்பான், மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும் வீட்டுக்காரரிடம். அப்புறம் சிவப்புச் சாயம், அதற்கப்புறம் கொதிநீர். சுரண்டினாலும் எளிதில் போகாத செக்கச் சிவப்பு.

எல்லாம் ரிமோட் விமானத்துக்காக. பள்ளிக்கூட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை கண்மாய்ப் பொட்டலில்தான் உயிர் வரும். "கல்யாணம் முடிச்சிருந்தா உன் புள்ள விட்டிருக்கும் மாப்ள" என்பார்கள் நண்பர்கள். "ஒடச்சுல்ல வச்சிருக்கும்" என்பான்.

அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டவள் அக்கா மாயக்காள். தாலி இழந்தவளை அலங்காநல்லூர் மாமியார் வீட்டில் விதைப்பெட்டிப் பக்கம்கூட விடவில்லை. "நீ தொட்டா வெளங்காது" என்றார்கள். கேள்விப்பட்ட அன்றே போய்க் கையோடு கூட்டி வந்தவன் சிவபாண்டி.

போன தை மாதம் விமானத்தின் மூக்குக்கு ஒரு கூம்பு செய்தான். ஆசிட்டிலிருந்து எடுத்து, அலசி, சாயத்தில் முக்குமுன் கொடியில் தொங்கவிட்டிருந்தான். காற்றுக்குக் கம்பி நழுவியது. துணி எடுக்க வந்த மாயக்காள் பதறிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்து வந்த எண்ணெய்க் கை.

"அக்கா, விடு! எத்தன தடவ சொல்றது? நீ தொட்டா வெளங்காதுக்கா!"

விரல் பிசுக்கு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அவன் சொன்னது அம்புட்டுத்தான். அவள் காதில் விழுந்தது வேறு. கூம்பை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள். மறுநாள் காலை அலங்காநல்லூர் பஸ் ஏறிவிட்டாள்.

காரத்தில் போட்டுச் சாயம் ஏறிய மேல்படலத்தைக் கரைத்துவிட்டால் அந்தக் கூம்புக்குப் புதிதாகச் சாயம் ஏற்றலாம். அவன் செய்யவில்லை. சிவப்புக்கு நடுவே வெளிறிக் கிடந்த விரல் ரேகையோடு அதை எடுத்துக்கொண்டு போன வாரம் அலங்காநல்லூர் போனான். மாயக்காள் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள்.

"பிசுக்கத்தான்க்கா சொன்னேன். இந்தா, நீயே பாரு. வீட்டுக்கு வாக்கா."

"புரியுது தம்பி."

"இவுகளும் அதத்தான சொன்னாக? இங்க மட்டும் எப்பிடி இருக்க?"

"இவுக பெறத்தியாரு, சொல்லிட்டுப் போறாக. நீ கூடப் பெறந்தவன்ல?"

அவன் கூம்பை நீட்டினான். மாயக்காள் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். ஈரம் போகத் துடைத்தாள். பிறகு முந்தானையை விரல் நுனி வரை சுற்றிக்கொண்டு வாங்கினாள்.